‘ரூட்’ என்னும் சொல்



ஒரு மொழியில் அரிய சொல் ஒன்றைக் கண்டால் நாம் அகராதியைத் தேடுகிறோம். எளிய சொல்லைக் கண்டால் தேடுவதில்லை. நாள்தோறும் காதில் விழும் சொல் நமக்குத் தெரிந்த சொல்லே என்று எண்ணிவிடுகிறோம். மாணவர் எழுதும் ஆங்கிலத்தில் பிழைகள் பெரும்பாலும் நுழைவது இந்த வாயில் வழியாகத்தான். அத்தகைய எளிய சொல் ஒன்றை இன்று ஆராய்வோம். ‘ரூட்’ என்பது அச்சொல்.

ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாதவர்கூட, “இந்த பஸ் எந்த ரூட்?” என்று கேட்பதுண்டு. “ரூட் மாறிவிட்டது” என்பர்; “ரூட் தெரியாமல் சுற்றினோம்” என்பர். இளைஞர் பேச்சில் இச்சொல்லுக்கு வேறொரு குறும்பான பொருளும் உண்டு. அதை வானொலியில் விளக்க வேண்டிய தேவை இல்லை. இவ்வாறு தமிழ்நாட்டுத் தெருக்களில் குடியேறிவிட்ட சொல், தன் தாயகத்தில் என்ன பொருளோடு வாழ்கிறது என்பதே நம் கேள்வி.

பள்ளிகளில் சொற்பொருள் பட்டியல் எழுதுவிக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல். அப்பட்டியலில் ‘ரூட்’ என்பதற்கு எதிரே ‘வழி’ என்று இருக்கும். ‘ரோடு’ என்பதற்கு எதிரேயும், ‘வே’, ‘பாத்’ என்பவற்றிற்கு எதிரேயும் ‘வழி’ அல்லது ‘பாதை’ என்றே இருக்கும். நான்கு சொற்களுக்கும் ஒரே பொருள் என்று மாணவன் நம்பிவிட்டால் அவன்மீது குற்றம் என்ன? அந்த நம்பிக்கையோடு அவன் எழுதுகிறான்: ‘கிழவர் ரூட்டைக் கடந்தார்’, ‘ரூட்டில் ஒரு மரம் விழுந்து கிடந்தது’, ‘பெரியோரிடம் பேசும் ரூட் இதுவன்று’. இலக்கண நூலைப் புரட்டினால் இவ்வாக்கியங்களில் குறை காண இயலாது. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, காலமும் சரி. ஆயினும் எந்த ஆங்கிலேயரும் இவ்வாறு சொல்லமாட்டார். முதலிரண்டு இடங்களிலும் அவர் ‘ரோடு’ என்பார். மூன்றாவதில் ‘வே’ என்பார்.

காரணம் என்ன? ‘ரோடு’ என்பது நிலத்தின்மேல் கிடக்கும் ஒரு பொருள். மண்ணாலோ கல்லாலோ தாராலோ ஆனது, அகலமும் நீளமும் உடையது, மழையில் நனைவது, குழி விழுவது. ‘ரூட்’ என்பதோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதற்கு நாம் வகுத்துக்கொள்ளும் முறை. எங்கே தொடங்கி, எவ்வெவ்விடங்கள் வழியாக, எங்கே சென்று சேர்வது என்னும் ஒழுங்கு அது. ஆகையால் ரோட்டைக் கடக்கலாம்; ரூட்டைக் கடக்க இயலாது. ரூட்டைத் தேர்ந்தெடுக்கலாம், வகுக்கலாம், பின்பற்றலாம், மாற்றலாம். இந்த வினைச்சொற்களோடு சேர்த்தே அச்சொல்லை நினைவில் வைத்தல் வேண்டும். ‘வே’ என்பது இவ்விரண்டினும் விரிந்தது. செல்லும் வழியையும் செய்யும் முறையையும் ஒருங்கே குறிப்பது. ‘பாத்’ என்பது பெரும்பாலும் நடப்பவர் காலடிக்கு உரிய சிறு வழி.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் சான்று ஒன்று அமெரிக்க நாட்டில் உள்ளது. 1926-ஆம் ஆண்டில் அந்நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு எண்கள் இட்டனர். பெரும்பாலும் கிழக்கு மேற்காகச் செல்வனவற்றிற்கு இரட்டைப்படை எண். வடக்கு தெற்காகச் செல்வனவற்றிற்கு ஒற்றைப்படை எண். சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற நெடுவழிக்கு 66 என்னும் எண் கிடைத்தது. அதற்கெனப் புதிதாக ஒரு சாலையை முழுநீளத்திற்கும் போட்டுவிடவில்லை. முன்பே பல ஊர்களில் இருந்த பல சாலைகளை ஒன்றோடொன்று கோத்து, அக்கோவைக்கு ‘ரூட் 66’ என்று பெயரிட்டனர். பின்னர் அகன்ற விரைவுச் சாலைகள் அமைந்தன. 1985-ஆம் ஆண்டில் 66 என்னும் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டனர். அன்று மறைந்தது யாது? ரூட் மறைந்தது. சாலைகளோ பல இடங்களில் இன்றும் உள்ளன. அவற்றின்மேல் வண்டிகளும் ஓடுகின்றன. மணிகளைக் கோத்த நூல் அறுந்தது. மணிகள் எஞ்சி நின்றன.

இதற்கு மறுதலையாக, சாலையே இல்லாத இடத்திலும் ரூட் உண்டு. கடலில் எவரும் கல் பரப்பியதில்லை. ஆயினும் ‘ஸீ ரூட்’ என்று சொல்கிறோம். 1488-ஆம் ஆண்டில் பார்த்தொலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்று திரும்பினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1498-இல், வாஸ்கோ ட காமா அம்முனையைச் சுற்றிக் கள்ளிக்கோட்டையை அடைந்தார். 1869-ஆம் ஆண்டில் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டவுடன் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே கப்பல் செல்லும் தொலைவு பல்லாயிரம் கல் குறைந்தது. கடல் அதே கடல், துறைமுகங்களும் அவையே, ரூட் மட்டும் மாறிற்று. அண்மைக் காலத்தில், 2023-ஆம் ஆண்டின் இறுதியில், செங்கடலில் வாணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல் நிறுவனங்கள் தங்கள் கலங்களை மீண்டும் தென்முனை வழியே திருப்பிவிட்டன. பயணம் ஏறத்தாழப் பத்து நாள் நீண்டது. செய்தித்தாள்கள் அதைக் குறிக்க ‘ரீரூட்’ என்னும் வினையை வழங்கின. ஐந்நூறு ஆண்டுப் பழைய வழி ஒன்று ஒரு சொல்லின் உதவியால் மீண்டும் உயிர்பெற்றது என்று கூறலாம்.

‘பட்டுப் பாதை’ என்று நாம் வரலாற்றில் படிப்பதும் இத்தகையதே. சீனத்திலிருந்து மேற்கே சென்ற வாணிக வழிகளுக்கு அப்பெயரைப் பரவச் செய்தவர் ரிக்டோஃபன் என்னும் ஜெர்மானிய நிலவியல் அறிஞர், ஆண்டு 1877. அப்பெயரைக் கேட்டவர்கள் ஒரே நெடுஞ்சாலை இருந்ததாக எண்ணிக்கொண்டனர். உண்மையில் மலையும் பாலைவனமும் ஊடாகப் பல கிளைகளாகப் பிரிந்து கூடிய வழித்தொகுதி அது. 2014-ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, ‘ரோடு’ என்பதைப் பன்மையாக்கி, ‘ரூட்’டுகளின் வலைப்பின்னல் என்றும் சேர்த்தே அதற்குப் பெயர் சூட்டினர். இரண்டு சொற்களும் ஒரு பெயரிலேயே வெவ்வேறு பணி செய்வதைக் காண்க.

சொல்லைப் பிழையாக அறிவதால் மதிப்பெண் குறைவதன்றி வேறென்ன கேடு என்று சிலர் கேட்கலாம். மருத்துவமனைக்குச் செல்வோம். மருந்து கொடுக்கும் செவிலியர் ஐந்து செய்திகளைச் சரிபார்க்க வேண்டும் என்று பயிற்சியில் கற்பிக்கின்றனர்: நோயாளி யார், மருந்து எது, அளவு என்ன, நேரம் எது, ‘ரூட்’ எது. இங்கே ரூட் என்பது மருந்து உடலுக்குள் செல்லும் வழி. வாய்வழி, தசைவழி, சிரைவழி என்று அது பலவகைப்படும். வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து சிரைவழியே செலுத்தப்படுவது. அதே மருந்தைத் தவறுதலாகத் தண்டுவட நீரில் செலுத்திவிட்டால் பெரும்பாலும் உயிரையே மாய்க்கும். மருந்து சரி, அளவு சரி, நோயாளியும் சரி. ரூட் ஒன்று தவறினால் நஞ்சு. ஒரு படிவத்தின் சிறு கட்டத்தில் எழுதப்படும் இச்சொல்லின்மேல் ஓர் உயிர் தொங்குகிறது என்றால், அதன் பொருளைச் செம்மையாக அறிவது வீண் வேலை ஆகுமா?

இனி இச்சொல்லின் ஒலியையும் எழுத்தையும் நோக்குவோம். ஆர், ஓ, யூ, டி, ஈ என்னும் ஐந்தெழுத்தால் அமைந்தது நம் சொல். ஆர், ஓ, ஓ, டி என்னும் நான்கெழுத்தால் அமைந்த மற்றொரு ‘ரூட்’ உண்டு; அதற்கு வேர் என்பது பொருள். பிரிட்டானியர் வாயில் இவ்விரண்டும் ஒரே ஒலி. பிறப்பிலோ இவற்றிற்கு உறவே இல்லை; வேர் என்னும் பொருளுடையது வடஐரோப்பிய மொழியிலிருந்து வந்தது. அமெரிக்கர் பலர் நம் சொல்லை ‘ரவுட்’ என்றும் ஒலிப்பர். கணிப்பொறி வலைகளில் செய்திகளை வழிப்படுத்தும் கருவியை நாம் ‘ரவுட்டர்’ என்பது அமெரிக்க ஒலிப்பு. பிரிட்டனில் அதையே ‘ரூட்டர்’ என்பர். இரண்டும் வழக்கே, ஒன்றைப் பிழை என்று இகழ வேண்டுவதில்லை.

ஆனால் இங்கே ஒரு படுகுழி உண்டு. ஈற்றில் உள்ள ஈ என்னும் எழுத்தை விட்டுவிட்டால் ‘ரவுட்’ என்னும் வேறு சொல் கிடைக்கும். அதற்குப் படை நிலைகுலைந்து சிதறி ஓடுதல் என்பது பொருள். மாணவன் ஓர் எழுத்தை மறந்தால், படை சென்ற வழி படையின் தோல்வியாக மாறிவிடும்! இறந்தகால வினையாக எழுதும்போது நிலைமை இன்னும் விந்தையானது. இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிடும். ‘படைகள் பள்ளத்தாக்கில் ரூட்டட்’ என்றால் அவ்வழியே அனுப்பப்பட்டன. ‘ரவுட்டட்’ என்றால் அங்கே முறியடிக்கப்பட்டன. எழுத்து ஒன்றே, முன்பின் வரும் சொற்களே பொருளைக் காட்டும். இக்குழப்பத்தை அஞ்சியே, பிரிட்டானிய ரயில்வேயினர் ‘ரூட்டிங்’ என்று எழுதும்போது நடுவில் உள்ள ஈயை விடாமல் காத்துவருகின்றனர்.

‘ஆன் ரூட்’ என்னும் தொடரும் ஆங்கிலத்தில் பெருவழக்குடையது. ‘போகும் வழியில்’ என்பது அதன் பொருள். அது பிரெஞ்சு மொழியிலிருந்து அப்படியே வந்தது; ஈ, என் என்னும் இரண்டெழுத்தைத் தனியாகவும் ‘ரூட்’ என்பதைத் தனியாகவும் எழுதுதல் வேண்டும். ஒலியை மட்டும் கேட்டு ஓ, என் என்று எழுதுவது பிழை.

எழுத்தளவில் நின்றோம், இனிப் பிறப்பை ஆராய்வோம். இலத்தீன் மொழியில் உடைத்தல் என்னும் பொருளுடைய ‘ரும்பெரெ’ என்னும் வினை உண்டு. அதிலிருந்து ‘ருப்தா’, அதாவது உடைக்கப்பட்டது, என்னும் சொல் பிறந்தது. காட்டையும் பாறையையும் உடைத்துத் திறந்த வழியை ‘வியா ருப்தா’ என்றனர். அது பழைய பிரெஞ்சு மொழியில் குறுகி, இடைக்காலத்தில் ஆங்கிலத்தில் புகுந்து ‘ரூட்’ ஆயிற்று. பேச்சைக் குறுக்கே உடைக்கும் ‘இன்டரப்ட்’, எரிமலை உடைத்து வெளிப்படும் ‘எரப்ட்’, ஒழுக்கம் உடைந்த ‘கரப்ட்’, வட்டிக்கடைக்காரரின் பலகை உடைந்ததாகச் சொல்லப்படும் ‘பேங்க்ரப்ட்’ ஆகிய யாவும் இதன் உடன்பிறப்புகள். சற்றுமுன் கண்ட, படை சிதறுதலைக் குறிக்கும் ‘ரவுட்’ என்பதும் அவ்வீட்டுப் பிள்ளையே. உடைந்த படை என்பது அதன் கருத்து.

ஏனைய சொற்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். ‘ரோடு’ என்பது குதிரை ஊர்தலைக் குறித்த பழஞ்சொல்லின் வழி வந்தது; ‘ரைடு’ என்பதன் உறவு. ‘ஸ்ட்ரீட்’ என்பது கல் பரப்பிய வழி என்னும் இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. பயணத்தைக் குறிக்கும் ‘ஜர்னி’ என்பதோ ஒரு நாளில் செல்லும் தொலைவு என்று பொருள்பட்டது. ஒன்று ஊர்ந்தவனைச் சொல்லுகிறது. ஒன்று கல் பரப்பியவனைச் சொல்லுகிறது. ஒன்று காலத்தைச் சொல்லுகிறது. நம் ‘ரூட்’ மட்டுமே, வழியில்லாத இடத்தில் முதன்முதலில் வழி உண்டாக்கியவனைச் சொல்லுகிறது.

இப்பழம்பொருள் மாண்டுபோகவில்லை என்பதற்கு எவரெஸ்ட் சான்று. 1921, 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் திபெத்திலிருந்து, வடபுறமாக அம்மலையில் ஏற முயன்றனர். 1924-இல் மல்லரி, இர்வின் என்னும் இருவர் உச்சிக்கு அருகில் மறைந்தனர். பின்னர் நேபாளம் பிறநாட்டாருக்குத் தன் வாயிலைத் திறந்தது. தென்புறமாக வழி உண்டா என்று 1951-இல் ஆராய்ந்தனர். 1952-இல் சுவிஸ் நாட்டார் அவ்வழியில் நெடுந்தொலைவு ஏறினர். 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லாரியும் அவ்வழியே உச்சியை அடைந்தனர். மலை ஏறுவோர் இவற்றை வடக்கு ரூட், தெற்கு ரூட் என்கின்றனர். அங்கே சாலை என்று சொல்லத்தக்கது ஓர் அடியும் இல்லை.

தெற்கு ரூட்டில் ஏறுவோர் முதலில் கும்பு பனிச்சரிவைக் கடக்க வேண்டும். அங்கே பனிப்பாறைகள் நாள்தோறும் நகர்கின்றன. பிளவுகள் வாய் திறக்கின்றன. ஆகையால் சென்ற ஆண்டின் வழி இவ்வாண்டு உதவாது. ஒவ்வோர் ஆண்டும் ஷெர்ப்பாக்கள் முன்னே சென்று, ஏணிகளை இட்டு, கயிறுகளைக் கட்டி, வழியைப் புதிதாக உண்டாக்குகின்றனர். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் அங்கே பனி சரிந்து விழுந்ததில் 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்டனர். அடுத்த ஆண்டில், மேற்குத் தோளிலிருந்து சரியும் பனிக்கு விலகி, சரிவின் நடுப்பகுதி நோக்கி ரூட்டை மாற்றி அமைத்தனர். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்பவர் பெயர் செய்தித்தாளில் வருகிறது. விடியுமுன் ஏணி சுமந்து சென்று வழியை உடைத்தவர் பெயர் அவ்வளவாக வருவதில்லை. ஆயினும் இலத்தீன் மக்கள் இச்சொல்லைப் படைத்தபோது அவரைத்தான் நினைத்தனர்.

‘ரூட்’ என்னும் சொல்லுக்கு ஒரு மகள் உண்டு. அவள் பெயர் ‘ரொட்டீன்’. ஒருவர் உடைத்த வழியில் பலரும் நாள்தோறும் நடந்து நடந்து, எண்ணாமலே கால் செல்லும் பழக்கமே ரொட்டீன். தாய் துணிவைக் குறிக்கிறாள். மகள் வழக்கத்தைக் குறிக்கிறாள். வழக்கத்தை இகழ்ந்துரைப்பது என் கருத்தன்று. பள்ளி மணி நேரம் தவறாமல் அடிக்க வேண்டும். செவிலியர் ஐந்தையும் நாள்தோறும் சரிபார்க்க வேண்டும். வழக்கம் இல்லையேல் உலகம் நடவாது. ஆனால் பனிப்பாறை நகர்ந்தபின்னும் பழைய ஏணி இருந்த இடத்திலேயே கால் வைப்பவன் விழுவான். வழக்கம் என்பதும் ஒரு காலத்தில் ஒருவர் எண்ணித் துணிந்து உடைத்த வழியே என்பதை மறவாதவர்க்கு, அதை எப்போது மாற்றுவது என்னும் அறிவும் வாய்க்கும்.

தமிழில் இச்சொல்லுக்கு நேர் எது? பஸ்ஸுக்கும் கப்பலுக்கும் ‘வழித்தடம்’ என்பது பொருந்தும்; மருந்துக்கு ‘வழி’ போதும். ஆயினும் இக்கருத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்னும் பொருள் உண்டு. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாம், எவ்விடத்தில் வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இரவில் எங்கே தங்கலாம் என்றெல்லாம் எச்சரித்துச் செல்கிறது. தான் நடந்த வழியைப் பின்வருவோனுக்குத் தடம் தடமாகச் சொல்லிவிடும் பண்பு அது. ‘ரூட்’ என்பதன் முழுப்பொருளை விளக்க, இவ்விலக்கியத்தைக் காட்டிலும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, மாணவர்களே, ஆங்கிலச் சொல் ஒன்றைக் கற்கும்போது எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டு அமைதி அடையாதீர்கள். அது எந்த வினையோடு கூடும், எந்த வினையோடு கூடாது என்று கேளுங்கள். அதன் பக்கத்து வீட்டுச் சொற்கள் எவை, அவற்றிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்று கேளுங்கள். அச்சொல் அமைந்த மூன்று வாக்கியங்களைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். ஆசிரிய அன்பர்களே, பட்டியலை அடியோடு விட்டுவிடுமாறு நான் கூறவில்லை; பட்டியலுக்குப் பின் ஒரு வாக்கியம், வாக்கியத்திற்குப் பின் ஒரு செய்தி என்று பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிடுங்கள். நாளைக்கு ஒரு சொல் போதும். நாமும் ஒருவகையில், முன்னே சென்று ஏணி இடுபவர்களே. நாம் இட்ட ஏணி உறுதியாக இருந்தால், பிள்ளைகள் நம்மைக் கடந்து நெடுந்தொலைவு ஏறிச் செல்வார்கள்.